வராத எதிரிக்கு மூன்று கோல்

இலங்கை உதைபந்தாட்டத்தின் அண்மைக்கால வெற்றிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, 2019 ஜூனில் மக்காவ் அணியை 3–0 என்று நாம் வென்றதுதான். அன்று நம் தற்காப்பில் ஓட்டை இல்லை. ஒரு பாஸ்கூடப் பிழைக்கவில்லை. யாரும் மஞ்சள் அட்டை வாங்கவில்லை. எதிரணி கொழும்புக்கு வரவில்லை என்பது மட்டுமே குறை. உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு பயணம் பாதுகாப்பில்லை என்று மக்காவ் ஒதுங்கிக்கொள்ள, மூன்று கோலை நம் கணக்கில் எழுதிவிட்டார்கள். எதிரி நேரில் நின்ற முதல் ஆட்டத்தில் 0–1 என்று தோற்றவர்கள், எதிரியே இல்லாத ஆட்டத்தின் புண்ணியத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டியின் இரண்டாம் சுற்றுக்குப் போனோம்.

அங்கே தென்கொரியா இருந்தது. அவர்களுக்கு வராமல் இருக்கத் தெரியவில்லை. ஒக்டோபர் 10ஆம் திகதி 8–0. கிம் ஷின்-வூக் என்பவர் மட்டும் நான்கு அடித்தார். அன்று பின்னேரம் கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்தபடி "எட்டு வாங்கிட்டோம் அண்ணே" என்றேன். கடைக்காரர் தலையைத் தூக்காமலே, "எத்தனை விக்கெட்டுக்கு?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கண்டி என்றால் றக்பி. நித்தவலையில் ஆட்டம் என்றால் ஊரே அந்தப் பக்கம் நகரும். மிஞ்சிய நேரத்துக்குக் கிரிக்கெட்; அதற்குப் பல்லேகலையில் சர்வதேச மைதானம். உதைபந்தாட்டத்துக்கும் இந்த நாட்டில் ஒரு சர்வதேசப் பெயர் உண்டு: தடை.

2023 ஜனவரி 14ஆம் திகதி இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்துக்குத் தேர்தல் நடந்தது. ஜே. ஸ்ரீரங்கா தலைவரானார். செல்லும் என்றது ஒரு பக்கம், செல்லாது என்றது இன்னொரு பக்கம். சரியாக ஒரு கிழமையில், வெளியார் தலையீடு என்று சொல்லி பீபா நம்மைத் தூக்கி வெளியே போட்டது. ஆகஸ்ட் கடைசியில்தான் திரும்பவும் உள்ளே எடுத்தார்கள். செப்டெம்பரில் மறுபடியும் தேர்தல். முன்பு தலைவராக இருந்த ஜஸ்வர் உமரே மீண்டும் தலைவர். சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லைக்கே வந்து சேர்ந்தோம். இடையில் பெங்களூரில் தெற்காசியக் கிண்ணம் நடந்தது. எட்டு அணிகள் ஆட, நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். நல்ல பக்கமும் உண்டு: அந்த ஏழு மாதமும் இலங்கை ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. நம் நிர்வாகிகள் வேறெந்த முறையிலும் எட்டாத சாதனை அது.

அதே வருஷம் நவம்பரில் கிரிக்கெட்டையும் சர்வதேச சபை இடைநிறுத்தியது நினைவிருக்கும். அப்போது ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் பாராளுமன்றத்தில் ஒன்றாகக் கை தூக்கிக் கிரிக்கெட் நிர்வாகத்தைப் போகச் சொன்னார்கள். உதைபந்தாட்டம் ஏழு மாதம் செத்துக் கிடந்தபோது அதே கைகள் எங்கே இருந்தன? சட்டைப்பையில் இருந்திருக்கும். அங்கேதான் இந்த நாட்டில் கைகளுக்கு அதிக வேலை.

இந்த நாற்காலிச் சண்டைக்குச் சட்டமும் துணை. 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி, தேசிய அணி எதுவானாலும் அமைச்சரின் அனுமதி வேண்டும். பீபாவோ, அரசாங்கம் வாசற்படியையும் மிதிக்கக் கூடாது என்கிறது. ஆக, அமைச்சர் தலையிட்டால் பீபா தடை போடும். தலையிடாவிட்டால் சம்மேளனம் தன்னிஷ்டத்துக்கு ஆடும். அந்தத் தன்னிஷ்டத்துக்கு ஓர் உதாரணம் போதும். சம்மேளனத்தின் முன்னாள் தலைவர் மணிலால் பெர்னாண்டோவை 2013இல் பீபாவின் மேன்முறையீட்டுக் குழு ஆயுள் முழுக்க இந்த விளையாட்டை விட்டே விலக்கியது. பரிசுத்தவான்கள் நிறைந்த சபை என்று பீபாவைச் சொல்ல மாட்டேன். அவர்களே முகம் சுளிக்கும்படி ஒருவர் நடந்துகொண்டார் என்றால் நம்முடைய தரத்தை யோசித்துப் பாருங்கள்.

பணம் இல்லை என்ற கதையை மட்டும் என்னிடம் சொல்ல வேண்டாம். பீபா தன் அபிவிருத்தித் திட்டத்தில் 2023 முதல் 2026 வரை ஒவ்வொரு நாட்டுக்கும் 80 இலட்சம் டொலர்வரை ஒதுக்கியிருக்கிறது. அந்தப் பணத்தின் வாசனை ஹந்தானை மலையின் இந்தப் பக்கம் வந்ததாக நான் அறியேன். இங்கே காற்றில் தேயிலை வாசம்தான்.

வாருங்கள், எங்கள் கிறவுண்டைக் காட்டுகிறேன். கண்டியிலிருந்து தலாத்துஓயா, ஹேவாஹெட்ட போகும் பாதையில், குருமடத்தைத் தாண்டி மேலே ஏறினால் ஒரு சரிவு. அதைக் கிறவுண்ட் என்று சொல்வது எங்கள் நல்ல மனசு. மேல்பாதியில் ஆடும் அணிக்குப் பந்து தானாகப் போகும். கீழ்பாதியில் ஆடும் அணிக்கு மூச்சு வாங்கும். கோல் கம்பம் கிடையாது. ஒரு பக்கம் இரண்டு கல், மறுபக்கம் இரண்டு ஸ்கூல் பேக். பேக்கின் சொந்தக்காரன் ரியூஷனுக்குப் போனால் கோல் போஸ்டும் கூடவே போய்விடும். மழை பெய்தால் அட்டை. பந்து புல்லுக்குள் போனால் எடுக்கப் போகிறவன் முதலில் காலைப் பார்த்து அட்டையைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் த்ரோ எறிவான். நடுவர் அதற்கும் நேரம் கூட்டிக் கொடுப்பார். நடுவர் என்பது கால் சுளுக்கிய பையன்.

சிங்களப் பையன், தமிழ்ப் பையன், முஸ்லிம் பையன் எல்லாரும் கலந்துதான் ஆடுவார்கள். "மெஹாட்ட தீபன்" என்று ஒருவன் கத்த, "இந்தா மச்சான்" என்று மற்றவன் தட்டிவிடுவான். தேசிய நல்லிணக்கத்துக்குக் கொழும்பில் எத்தனை கருத்தரங்கு, எத்தனை பகல் சாப்பாடு! இங்கே காற்றுப் போன ஒரு பந்து அந்த வேலையைச் சம்பளம் இல்லாமல் செய்கிறது.

அவர்களில் ஒருவன், தலாத்துஓயாப் பக்கத்துத் தோட்டத்து லயத்துப் பையன், இடது காலால் ஆடுகிறவன். சரிவில் பந்து உருண்டு வரும்போது மற்றவர்கள் அதன் பின்னால் ஓடுவார்கள். இவன் ஓட மாட்டான். பந்து எங்கே போய் நிற்கும் என்று பார்த்து, அந்த இடத்துக்கு நடந்து போய் நிற்பான். உள்ளங்காலால் தொட்டு நிறுத்துவான். நிமிர்ந்து ஒரு பார்வை. அடுத்த நொடி பந்து எதிர்ப்பக்கத்து ஆளின் காலில் இருக்கும். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. அப்பழக்கம் சிலருக்குப் பத்து வருஷப் பயிற்சியிலும் வராது. தேசிய அணியில் சிலருக்கு வராமலே போயிருக்கிறது, பெயர் சொல்லவில்லை.

அவனைக் கொழும்பில் தேர்வுக்கு அனுப்ப வேண்டும் என்று நாங்கள் சிலர் ஓடித் திரிந்தோம். படிவம் வாங்கினோம், நிரப்பினோம், கையெழுத்துக்கு அலைந்தோம். ஓர் அலுவலகத்தில் "ஐயா மீட்டிங்" என்றார்கள். அடுத்த தடவையும் ஐயா மீட்டிங்கில்தான் இருந்தார். இறுதியில் கடிதம் வந்தது. தேர்வு முடிந்த பிறகு வந்தது. முத்திரை மட்டும் சரியாகக் குத்தியிருந்தார்கள். அவனுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கே 2021வரை போராடிய சனம் அது. மகனுக்காகப் பூட் ஒரு சோடி கடனில் வாங்கி வைத்திருந்தார். "அடுத்த வருஷம் கூப்புடுவாங்களா தம்பி?" என்று கேட்டார். கூப்பிடுவார்கள் அக்கா. அதற்குள் பூட் சின்னதாகிவிடும்.

சரி, தேர்வில் எடுபட்டால்தான் என்ன? ஆடுவதற்கு லீக் வேண்டுமே. 2021இல் சுப்பர் லீக் என்று பெரிய ஆரவாரத்தோடு ஒன்று தொடங்கினார்கள். பத்து அணி. அதில் மூன்று, தரைப்படை, கடற்படை, விமானப்படை. மலைநாட்டுக்கு நாவலப்பிட்டி அணி ஒன்று. தேசிய அணிக்குத் தொடர்ந்து வீரர்களைக் கொடுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் சேர்த்துப் பூச்சியம், கிழக்குக்கும் அதே. தொழில்முறை வீரனாக வேண்டும் என்று கனவு காணும் இந்த நாட்டுப் பையனுக்கு நம்பிக்கையான பாதை ஒன்று படையில் சேர்வது. பந்தை உதைக்க வருகிறவனுக்கு முதலில் துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் நாடு, வேறு எங்கே இருக்கிறது?

இப்போது கேட்பீர்கள்: அதுதான் அணி முன்னேறிவிட்டதே? ஆமாம். 2024இல் கம்போடியாவை அவர்களுடைய ஊரிலேயே பெனால்டியில் வீழ்த்தினோம். 2025 ஜூனில் சீன தாய்ப்பேயை 3–1. கத்தித் தொண்டை கட்டியது எனக்கும்தான். அணியைப் பாருங்கள்: ஆதவன் ராஜமோகன் சுவீடனில் பிறந்தவர். பரத் சுரேஷும் கிளவுடியோ கம்மர்க்னெக்டும் ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். டிலன் டி சில்வா இங்கிலாந்து. அவர்களுக்கு முன்னால் வசீம் ராசிக், பெர்லின்காரர்; 2021இல் லெபனானுக்கு எதிராக நாம் அடித்த இரண்டு கோலும் அவருடையவை. அகதியாகப் போனவன், பிழைக்கப் போனவன், எல்லோருடைய பிள்ளைகளும் சிங்க ஜேர்சி போட்டு ஆடுகிறார்கள். பார்க்க நெஞ்சு நிறைகிறது. அந்தப் பிள்ளைகள்மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை.

கோபம், விமான நிலையத்தில் அவர்களோடு நின்று போட்டோ எடுக்கிறவர்கள்மீது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னார்கள் பெரியவர்கள். இங்கே நம் பிள்ளையை ஊரான் ஊட்டி வளர்த்தான். நாம் ஏப்பம் விடுகிறோம். ஆறு வயதில் பந்து, எட்டு வயதில் பயிற்றுநர், புல்தரை, பல்வைத்தியர் உட்பட எல்லாம் ஜெர்மன்காரன் வரிப்பணம். இருபது வயதில் கடவுச்சீட்டு மட்டும் நம்முடையது. இதற்குப் பெயர் "எமது நீண்டகாலத் திட்டம்".

இருபது வருஷத்துக்கு முன் போக்குவரத்து எதிர்த்திசையில் இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? 2004இல் இலங்கைக் கைப்பந்தாட்ட அணி என்று 23 பேர் ஜெர்மனிக்குப் போய், ஒருநாள் காலையில் மொத்தமாக மறைந்தார்கள். இலங்கைக்கு அப்படி ஓர் அணியே இருக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. என்னைக் கேட்டால் இந்த நாட்டின் விளையாட்டு வரலாற்றில் திட்டமிட்டு, ஒற்றுமையாக, குறித்த நேரத்தில் ஒரு காரியம் முடித்த அணி அதுதான்.

கேப் வேர்டைப் பார், குராசோவைப் பார் என்று இனி மேடைக்கு மேடை சொல்வார்கள். ஐந்து இலட்சம் சனமுள்ள தீவுக்கூட்டமும், ஒன்றரை இலட்சம் சனமுள்ள தீவும் 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றன. இரண்டிலும் நெதர்லாந்தில் பிறந்த பையன்கள் இருக்கிறார்கள். அவ்வளவு சிறிய தீவுகளுக்கு வேறு வழி குறைவு. இரண்டு கோடிக்கு மேல் சனத்தை வைத்துக்கொண்டு நாமும் அதே சாக்கைச் சொன்னால் எப்படி? பக்கத்து மாலைதீவைப் பாருங்கள். மேட்டுநிலமே இல்லாத நாடு. 2008இல் நம் சுகததாச மைதானத்திலேயே இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2018இல் டாக்காவில் இன்னொன்று. நாமும் 1995இல் இந்தியாவை வென்றவர்கள்தாம். அந்தக் கோலைப் பார்த்துக் கத்திய இளைஞர்களுக்கு இன்று பேரப்பிள்ளை இருக்கும்.

2021 நவம்பரில் கொழும்பில் ஒரு நான்கு நாட்டுப் போட்டி. பதவியில் இருந்த பிரதமர் மஹிந்த ராஜபக்ஷவின் பெயரையே கிண்ணத்துக்கு வைத்தார்கள். அதில் நம் பையன்கள் மாலைதீவிடம் 0–4 என்று பின்னால் கிடந்து, எழுந்து, 4–4 ஆக்கினார்கள். அதைப் பார்த்தவன் இந்த விளையாட்டைக் கைவிட மாட்டான், நான் பார்த்தேன். இறுதியாட்டத்தில் பெனால்டியில் சீஷெல்ஸ் வென்று கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனது. பெயர் சூட்டியவர்களுக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

திறமை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கண்டியிலேயே பதில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் வேகப்பந்து வீசிக்கொண்டிருந்த 14 வயதுத் தமிழ்ப் பையனிடம், நீ சுழல்பந்து போட்டுப் பார் என்று சொன்னார் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. பையன் பெயர் முரளிதரன். டெஸ்டில் 800 விக்கெட். சரியான வயதில், சரியான ஒரு மனிதர், சம்பளத்தோடு, மைதானத்தில் நின்றார். அவ்வளவுதான் நடந்தது. எங்கள் இடதுகால் பையனுக்கும் அதே வயதுதான். அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல அவன் பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டப் பயிற்றுநர் இல்லை. விளையாட்டுப் பாட நேரத்தைக் கணித ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். அவரையும் நோக முடியாது, பரீட்சைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

ஆகவே சம்மேளனத்துப் பெரியவர்களுக்கு அம்பிட்டியவிலிருந்து ஒரு தாழ்மையான விண்ணப்பம். பயிற்றுநர் கேட்கவில்லை. புல்தரை கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்துவிட்டது. உங்களுடைய அடுத்த தேர்தலைத் தயவுசெய்து எங்கள் கிறவுண்டில் வையுங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்றால் புல் வெட்டுவார்கள், சரிவை மட்டப்படுத்துவார்கள், அட்டைக்கு மருந்தடிப்பார்கள். வாக்கெண்ணி முடித்து, வழக்குப் போட நீதிமன்றத்துக்குக் கிளம்பும்போது வாக்குப்பெட்டிகளை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். நான்கு பெட்டி போதும். இரண்டு கோல் போஸ்ட் ஆகும்.