அக்பருக்குக் கிடைத்த சிஷ்யர்கள்

கேள்வி: உலகம் முழுவதும் ஒரே மதமாகிவிட்டால் சண்டை சச்சரவுகள் ஒழிந்துவிடாதா? அவரவர் இஷ்டப்படி வழிபடும் சுதந்திரம் அந்த ஐக்கியத்துக்கு இடையூறுதானே?

பதில்: இந்தப் பரீட்சையைச் செய்து பார்த்தவர் சாமானியரல்லர், சாட்சாத் அக்பர் பாதுஷா. 1575-இல் பதேபூர் சிக்ரியில் இபாதத் கானா என்ற மண்டபத்தை எழுப்பி, முதலில் முஸ்லிம் பண்டிதர்களையும், பின்னர் பிராமணர், ஜைனர், பார்சிகள், கோவாவிலிருந்து வந்த பாதிரிமார்கள் ஆகியோரையும் அழைத்து வாதிக்கச் செய்த அச்சக்கரவர்த்தி, 1582-இல் ‘தீன் இலாஹி’ என்னும் சமரச நெறியொன்றை வகுத்தார். அத்துணைப் பெரிய சாம்ராஜ்யத்தில் அதைத் தழுவியதாகப் பெயர் தெரிந்த பிரமுகர்கள் இருபது பேர்கூட இல்லை. ஹிந்துக்களில் பீர்பால் ஒருவரே. (அவர் எதை மனப்பூர்வமாகச் செய்தார், எதை வேடிக்கைக்காகச் செய்தார் என்று யார் கண்டது?) சேனாதிபதி ராஜா மான்சிங்கோ, பாதுஷாவுக்காக உயிரைக் கொடுக்கச் சித்தமென்றும், தாம் ஹிந்து என்றும், உத்தரவானால் முஸ்லிமாகலாமென்றும், மூன்றாவது மார்க்கமொன்று தமக்குத் தெரியாதென்றும் சொல்லிவிட்டார். அக்பர் அவரை வற்புறுத்தவுமில்லை, பதவியைப் பறிக்கவுமில்லை. பின்னாளில் மன்சப் என்னும் அதிகாரிகளின் தரவரிசையில் 7000 என்னும் மிக உயர்ந்த அந்தஸ்தும் அவருக்கே கிடைத்தது. பாதுஷாவின் மார்க்கத்தைக் காட்டிலும் இந்தப் பெருந்தன்மையே ஐக்கியத்துக்கு அதிகத் தொண்டு செய்தது என்பது என் அபிப்பிராயம்.

போகட்டும், தாங்கள் கோரும் அந்த ஒரே மதம் தங்களுடையதல்லாத வேறொன்றாக அமைந்தாலும் சம்மதந்தானா என்பதை அடுத்த கடிதத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.