மின்சாரச் சந்தை திறக்க உகந்த முறை

மின்சாரத்தைச் சந்தையில் விடத் துடிக்கும் அரசுகளுக்குக் கலிஃபோர்னியாவைவிட நல்ல வாத்தியார் கிடையாது. அங்கே செய்ததை வரிசை மாறாமல் செய்தால் போதும். ஐந்தே வருடத்தில் இருட்டு நிச்சயம்.

1996-இல் அங்கே சந்தையைத் திறக்கும் சட்டம் ஒரு எதிர்ப்பு ஓட்டுகூட இல்லாமல் நிறைவேறியது. போட்டி வந்தால் கட்டணம் இறங்கும் என்பதில் அவ்வளவு உறுதி! அந்த ஜோரில் வீட்டுக் கட்டணத்தை முன்கூட்டியே 10 சதவீதம் குறைத்துப் பூட்டியும் விட்டார்கள். நீங்களும் பூட்டுங்கள். கொள்முதல் விலையை மட்டும் அவிழ்த்துவிடுங்கள். பூட்டு சீக்கிரமே திறந்துகொண்ட சான் டியேகோவில் 2000 கோடையில் பில் இரண்டு மடங்கானது.

அடுத்து, மின் நிறுவனங்கள் தங்கள் எரிவாயு மின் நிலையங்களில் பெரும்பாலானவற்றை விற்கட்டும். வேண்டிய கரண்டைத் தினமும் ஏலத்தில் வாங்கட்டும். நீண்டகால ஒப்பந்தம் போட்டு நிம்மதியாகத் தூங்க விடாதீர்கள். வயலை விற்றுவிட்டு, அன்றாடம் அரிசி வாங்கி, பழைய விலைக்கே சாப்பாடு போடும் மெஸ்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கதவடைக்க முடியாது என்பது அரிசிக்காரருக்கும் தெரியும்.

ஏலத்தில் கடைசியாக எடுக்கப்படும் யூனிட்டின் விலைதான் எல்லோருக்கும். ஆகவே நாலு நிலையம் வைத்திருப்பவர் ஒன்றைப் ‘பராமரிப்பு’ என்று மூடினால், மீதி மூன்றும் அதற்கும் சேர்த்துச் சம்பாதித்துக் கொடுக்கும்.

தரகர்களுக்குக் கற்பனை வேண்டும். மின்சாரத்தை வாங்கி விற்ற என்ரான் நிறுவனத்தின் ஆட்கள் உள்ளூர் மின்சாரத்தை எல்லை தாண்டி அனுப்பி, திரும்பக் கொண்டுவந்து, வெளியூர்ச் சரக்கு என்று விற்றார்கள். மாநிலத்துக்குள் இருந்த விலை உச்சவரம்பு அதற்குப் பொருந்தாதே! கம்பியில் நெரிசலைக் குறைத்ததாகக் கணக்குக் காட்டி, உண்மையில் எதையும் குறைக்காமலே காசு பார்த்த தந்திரத்துக்கு ‘டெத் ஸ்டார்’ என்று பெயர். பெயர் வைத்தது தப்பு. போனில் பேசியது அதைவிடத் தப்பு. 2001 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நிலையம் ஒன்றை ஏதாவது காரணம் சொல்லி நிறுத்தச் சொன்னது டேப்பில் அப்படியே பதிவாகிவிட்டது.

அதே ஜனவரியில் கலிஃபோர்னியாவில் சுழற்சி முறை மின்வெட்டு. ஏசி ஓடாத குளிர்காலத்தில்! ஏப்ரலில் அங்கத்திய மின் நிறுவனமான பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் திவால் மனு. ஜூனில் மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மேற்கு மாநிலங்கள் முழுக்க விலைக்குக் கடிவாளம் போட்டது. டிசம்பரில் என்ரானும் திவால்.

முக்கியமான ஒன்று: கையெழுத்துப் போடுபவர் பில் வருமுன் வீடு போய்ச் சேர வேண்டும். சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் பீட் வில்சனின் பதவிக்காலம் 1999 ஜனவரியில் சுபமாக முடிந்தது. அடுத்து வந்த கிரே டேவிஸை 2003-இல் மக்கள் ஓட்டுப் போட்டு இறக்கி, அந்த நாற்காலியில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரை உட்கார வைத்தார்கள்.