திப்பு முதல் ட்ரம்ப் வரை: பாலக்கோட்டார் கேள்விகள்

கே: சர்வதேச உறவுக் கோட்பாடுகளைப் படித்தால் உலக அரசியல் புரியுமா? (கல்லூரி மாணவி, பாலக்கோடு)

ப: நம்ம தக்காளி மண்டியில் ஒரு காலை நில்லும்மா. 'பெரிய பார்ட்டி வெச்சதுதான் விலை' என்பவர் யதார்த்தவாதி. 'பேசித் தீர்த்தா ரெண்டு பேருக்கும் லாபம்' என்பவர் தாராளவாதி. 'கமிஷன் யாருக்குப் போகுது?' என்று முறைப்பவர் மார்க்சியர். மூவரும் பேசி முடிப்பதற்குள் லோடு ஏறிவிடும்.

கே: யதார்த்தவாதம் அமெரிக்கச் சரக்கா? (மாரண்டஹள்ளி வாசகர்)

ப: யதார்த்தவாதத்துக்கு ஹான்ஸ் மார்கெந்தாவ் புத்தகம் போட்டது 1948இல். நம்ம தகடூர் அதியமான், தொண்டைமானிடம் ஔவையாரைத் தூது அனுப்பியது சங்க காலத்தில். தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசிப் பளபளத்தன. கிழவி அதைப் புகழ்ந்தார். தன் மன்னனின் வேல்கள் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதாகவும் சொன்னார். புகழ்ச்சியிலேயே மிரட்டல்!

கே: அப்புறம் அதியமான் பிழைத்தாரா? (அதே வாசகர்)

ப: இல்லை. பெருஞ்சேரல் இரும்பொறை வந்து தகடூரையே வீழ்த்தினான். தூது போனது ஒரு வாசலுக்கு, படை வந்தது வேறு வாசலில்.

கே: எதிரிக்கு எதிரி நண்பன்தானே? (காரிமங்கலம் வாசகர்)

ப: நிஜாமைக் கேளுங்கள். மூன்றாம் மைசூர்ப் போரில் திப்புவுக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கும்பெனியும் நிஜாமும் மராட்டியரும் கைகோத்தார்கள். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை. திப்புவின் ராஜ்யத்தில் பாதி போச்சு, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம், இரண்டு பிள்ளைகள் பிணை. நம்ம ஊர் அடங்கிய பாராமகால் கும்பெனி மடியில் விழுந்தது.

1798இல் நிஜாம், கும்பெனிப் படைக்குச் செலவு கொடுத்து அடங்கிப்போனார். திப்பு விழுந்தது 1799இல். எதிரிக்கு முந்தி நண்பன் காலி! மராட்டிய பேஷ்வா 1818 வரை தள்ளினார், கெட்டிக்காரர்.

கே: பாராமகாலை வாங்கி வெள்ளைக்காரன் என்ன செய்தான்? (விவசாயி, வெள்ளிச்சந்தை)

ப: அளந்தான். அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து தீர்வை போட்டதில்தான், விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறை முளைவிட்டது. பீரங்கி ஒரு நாள் வேலை, கிஸ்தி வருஷா வருஷம். மார்க்சியர்கள் இதையே நானூறு பக்கம் எழுதுவார்கள்.

கே: கட்டமைப்புவாதம் என்றால்? (கல்லூரி மாணவர், தருமபுரி)

ப: பிரிட்டனிடம் 500 அணுகுண்டு இருந்தாலும் அமெரிக்கா குறட்டை விடும், வட கொரியாவிடம் 5 இருந்தால் தூக்கம் போகும் என்றார் கட்டமைப்புவாதி அலெக்சாண்டர் வெண்ட். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். இந்தப் பழமொழியைச் சொன்ன பாட்டிக்கு யாரும் டாக்டர் பட்டம் தரவில்லை.

கே: பெண்ணியக் கோட்பாடு பற்றி? (ஆசிரியை, பென்னாகரம்)

ப: சங்க காலத்திலேயே நம்ம தூதர் பெண். இந்தியாவின் முதல் பெண் வெளியுறவுச் செயலர் சோகிலா ஐயர் வந்தது 2001இல். அவசரப்படாத தேசம்.

கே: வணிகம் வளர்ந்தால் சண்டை குறையுமாமே? (ஓசூர் வாசகர்)

ப: 2025 ஆகஸ்டில் ட்ரம்ப் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டார். அதில் பாதி, ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் சமையலுக்குக்கூட ரஷ்ய எண்ணெய் வாங்கியதில்லை, பாவம்.

கே: கச்சத்தீவு விஷயத்தில் எந்தக் கோட்பாடு சரி? (பஞ்சப்பள்ளி வாசகர்)

ப: 1974இல் தீவு இலங்கைக்கு என்று இந்திராவும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டார்கள். 'அரசு தன் நலனைப் பார்க்கும்' என்கிறது ஏட்டுப் படிப்பு. டெல்லியின் நலனா, ராமேஸ்வரத்தின் நலனா என்பதற்கு அதில் அத்தியாயம் இல்லை.

கே: ஐ.நா. சபை எதற்கு? (பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் வாசகர்)

ப: 5 நாட்டுக்கு வீட்டோ, 188 நாட்டுக்கு மைக்.