துரைக்குப் புல் போதும்

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால், தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்கு உறவுக்காரர்கள் பெருகுவார்கள். ஐந்தருவியில் குளித்து, பிரானூரில் புரோட்டாவும் கோழியும் முடித்து, எங்கள் வீட்டுத் திண்ணையில் சாயும்போதுதான் முயல் கண்ணில் படும். பெயர் துரை, நிறம் அப்படி. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் உடம்பைத் தேற்றக் குற்றாலம் வந்தார்கள். எங்கள் துரைக்கோ, குற்றாலம் வருகிறவர்களால்தான் உடம்பு கெடுகிறது.

"ஐயோ பாவம், வெறும் புல்லையா போடுதீய?" என்பாள் மதினி. அடுத்த நொடி கூண்டுக்குள் ஒரு ரம்புட்டான் உருளும். மாமா நேந்திரங்காய் சிப்ஸை நீட்டுவார். பிள்ளைகள் கேரட்டோடு வரிசையில் நிற்கும்.

கேரட்டுக்கு ஹாலிவுட்தான் ஜவாப்தாரி. 1934-இல் வந்த ஒரு படத்தில் கிளார்க் கேபிள் கேரட்டைக் கடித்துக்கொண்டே பேசுவார். 1940-இல் வந்த கார்ட்டூன் முயல் பக்ஸ் பன்னி அந்தக் காட்சியைக் கிண்டல் செய்தது. கிண்டல் மறந்துபோய் கேரட் மட்டும் நிலைத்துவிட்டது. அதிலோ சர்க்கரை அதிகம். எப்போதாவது ஒரு துண்டு போதும். முயலுக்கு விருந்தே புல்தான். அதன் பற்கள் சாகும்வரை வளரும். நார் உள்ள புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். நார் குறைந்தால் குடல் வேலைநிறுத்தம் செய்யும். வாந்தி எடுக்கவும் முயலுக்கு வராது. தலைதீபாவளி மாப்பிள்ளை மாதிரி, உள்ளே போனதை எப்படியாவது சமாளித்தாக வேண்டும்.

இதையெல்லாம் ஒருவழியாக ஆச்சிக்குப் புரிய வைத்திருந்தேன். ஒருநாள் விடியற்காலை அவள் போட்ட கூச்சலில் தெருவே எழுந்தது. துரை தன் புழுக்கையைத் தானே தின்றுகொண்டிருந்தது. "பட்டினி போட்டு அதை இந்தக் கதிக்கு ஆக்கிட்டியேடே!" குடலில் நுண்ணுயிர்கள் ஆக்கிவைத்த வைட்டமினும் புரதமும் அந்த மெத்தென்ற உருண்டையில் இருக்கின்றன, அதை மறுபடி தின்றால்தான் முயலுக்கு ஆரோக்கியம் என்று விளக்கினேன். அன்று முழுக்க ஆச்சி என் கையால் காபி வாங்கிக் குடிக்கவில்லை.

அடுத்த வீட்டு கினி பிக்குக்கும் இதே வம்புதான். போதாததற்கு, நம்மைப் போலவே அதற்கும் வைட்டமின் சி உடம்பில் ஊறாது. அதனால் தினமும் புல்லோடு கொஞ்சம் குடைமிளகாய், எப்போதாவது கொய்யாத் துண்டு. அது எலிக் குடும்பத்துக்குச் சொந்தம், முயல் இல்லை. மேல் முன்பற்களுக்குப் பின்னால் குட்டியாக இன்னொரு ஜோடிப் பல் வைத்திருப்பதால் முயலுக்குத் தனிக்குடித்தனம்.

எங்கள் உண்மையான எதிரி சாரல். ஈரப் புல்லைப் போட்டால் வயிறு உப்பும், வாட வைத்துப் போடு என்பார்கள் முயல் வளர்க்கிறவர்கள். ஆடி மாதத் தென்காசியில் வேட்டியே வாடாது. ஆகவே அறுகம்புல்லும் வேலிமசாலும் நடுக்கூடத்தில், மின்விசிறிக்கு அடியில் படுத்திருக்கும். மாமா சுவரோரம் படுப்பார்.

இந்த லட்சணத்தைப் பார்த்துப் போன சென்னை அத்தான், அடுத்த முறை அமெரிக்காவிலிருந்து வந்த திமோதிப் புல் ஒரு பாக்கெட் வாங்கிவந்தார். ஆச்சி விலையைக் கேட்டாள். வாசலுக்கு வெளியே இடுப்பளவு வளர்ந்து நின்ற புல்லை ஒரு முறை பார்த்தாள்.

"ஏ மாப்ளே, அங்க ஆடு மாடெல்லாம் என்னத்தத் திங்கும்?"

அத்தான் பதில் சொல்லுமுன் துரை பாக்கெட்டைக் கடித்துத் திறந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் சாரல் காற்றில் திமோதியும் நமத்துப்போக, அன்றிரவு அத்தானும் சுவரோரம் படுத்தார்.