தாமானுக்கு ஒரு கிராணியார்

கிள்ளானில் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் நாய் குரைக்காத ஒரு வீடு இருக்கும். நாய் இல்லாமலில்லை. கூரியர்காரர்கள் வந்து வந்து அதற்குக் குரைத்து அலுத்துவிட்டது. கேட் பாதி திறந்தே கிடக்கும். காருக்கென்று கட்டிய போர்ச்சில் கார் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சமையலறையிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அலமாரி, அதன் தட்டுகளில் கறுப்பும் சாம்பலுமாகப் பொட்டலங்கள். நாற்காலியில் சாரோங்கும் பனியனுமாக உட்கார்ந்திருப்பவர்தான் அந்தத் தாமானின் பார்சல் கிராணியார். அவரை யாரும் நியமிக்கவில்லை. சம்பளமும் இல்லை. விடுமுறை உண்டு, ஆனால் அவர் எடுப்பதில்லை.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பதவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஊரிலிருந்து கடிதம் வந்தால் அந்தக் காலத்தில் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். ஒரே லயத்தில் மூன்று முனியாண்டிகள் இருந்தாலும் எந்த முனியாண்டிக்கு அக்காள் கடிதம் போடுவாள், எந்த முனியாண்டிக்குக் கடன்காரன் போடுவான் என்பது ஆபீஸ் குமாஸ்தாவான கிராணியாருக்கு அத்துப்படி. ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டுக் கொடுக்கும்போது உறையைப் பார்த்தே முகத்தைச் சுளிப்பார். பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாயின, சனங்கள் தாமான்களுக்கு வந்து சேர்ந்தார்கள். கிராணியார் பதவி மட்டும் நெடுநாள் காலியாகவே கிடந்தது. 2012இல் லஸாடாவும் 2015இல் ஷாப்பியும் மலேசியாவுக்கு வந்தபின் அது தானாக நிரம்பிவிட்டது.

எங்கள் தாமான் கிராணியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையை எண்ணிக் கோடு போடும் வேலை. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972இல் போர்ட் கிள்ளான் ஆனதை இவர் இன்னும் மனதார ஏற்றுக்கொள்ளவில்லை. “முழுக் கப்பலையே கணக்குப் பார்த்து அனுப்பியிருக்கேன். இத்துனூண்டு பிளாஸ்டிக் பை வழி தவறிப் போச்சுன்னு சொல்ல வெட்கமா இல்ல?” என்று, எதிரே நிற்கும் பையனைக் கேட்பார். பையனுக்குத் தமிழ் தெரியாது. “அங்கிள், ஓராங் தாக் அடா. போலே லெத்தாக் சினி?” என்பான். ஆள் இல்லையாம், இங்கே வைக்கலாமா என்கிறான். கேள்வியை முடிப்பதற்குள் கிராணியாரின் கை நீண்டுவிடும்.

வாங்கியதும் முதல் காரியம் பதிவு. சட்டைப் பைக்குள் அடங்குமே, மளிகைக் கடைக்காரர்கள் கடன் எழுதுகிற 555 புத்தகம், அதில்தான். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க உள்ளே போன சமயம் புரட்டிப் பார்த்தேன். “10ஆம் நம்பர். லேசு. ஆட்டினா சத்தம் இல்ல. துணி.” “7. கனம். கண்ணாடின்னு போட்டிருக்கு. ஆட்டல.” “15. போன வாரமும் இதே சைஸ். திருந்த மாட்டாங்க.” மனுஷர் எதையும் பிரிப்பதில்லை. பிரிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பொட்டலம் தவறான வீட்டுக்குப் போவதற்குக் கூரியர் பையன்களை மட்டும் திட்டக்கூடாது என்பது அவர் கட்சி. இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர் கட்சி. கிள்ளான் பள்ளத்தாக்கின் விலாசங்கள் அப்படி. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு செக்‌ஷன் 17 இருக்கிறது, ஷா ஆலமில் இன்னொரு செக்‌ஷன் 17 இருக்கிறது. ஜாலானுக்கு ஒரு பெயர் வைத்து, அதே பெயரையும் அதே எண்ணையும் பக்கத்து லோரோங்குக்கும் வைத்திருப்பார்கள். சீனர்களுக்கு நாலாம் எண் ஆகாது என்பதால் பல வீடமைப்புகளில் மூன்றுக்கு அடுத்த வீடு 3ஏ, பதின்மூன்றுக்கு அடுத்தது 13ஏ. அந்த ‘ஏ’யை எங்கோ ஒருவர் தட்ட மறந்தால் போதும், 3ஏ வீட்டுக் குக்கர் மூன்றாம் வீட்டில் விசிலடிக்கும். இதற்கெல்லாம் மேலே ஜாலான் கிள்ளான் லாமா. பழைய கிள்ளான் சாலை என்று பேரை வைத்துக்கொண்டு அது உட்கார்ந்திருப்பதோ கோலாலம்பூரில். அதை ஒட்டி ஒரு தாமான் ஸ்ரீ செந்தோசா. கிள்ளானிலோ ஒரு தாமான் செந்தோசா, அதாவது எங்கள் தாமான். ‘கிள்ளான்’, ‘செந்தோசா’ என்ற இரண்டு சொல்லும் கண்ணில் பட்ட பிறகு எந்தப் பையன் அஞ்சல் குறியீட்டைப் பார்ப்பான்? கிராணியார் பார்ப்பார். “அம்பத்தெட்டாயிரம் கோலாலம்பூர். நாப்பத்தோராயிரத்து எரநூறு கிள்ளான். படிச்சவன்தானே நீ?”

இவர் வித்தையை முழுசாகப் பார்க்க வேண்டுமானால் யாருக்காவது பார்சல் காணாமல் போக வேண்டும். கைப்பேசியில் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று வந்திருக்கும், கையில் ஒன்றும் இருக்காது. ஆதாரமென்று பையன் எடுத்த படம் ஒன்று இருக்கும். அதில் கேட்டின் கால்வாசி, பொட்டலத்தின் பாதி, பையனின் சிலிப்பர் போட்ட கால் முழுசாக. மற்றவர்கள் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்கள். கிராணியார் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, கைப்பேசியை மூக்கருகே கொண்டுபோவார்.

“இது நம்ம ரோடே இல்லம்மா. நம்ம பக்கம் கால்வாய்க்கு மூடி போட்டாச்சு. இதுல மூடி இல்ல.”

“சரிங்க அங்கிள்.”

“மூலையில செவப்பா தெரியுதே, அது சாமி மேடை. சீனர் வீடு. மூணாவது லோரோங்குல சீனர் வீடு ரெண்டு. ஒரு வீட்டுக்காரரு போன வருஷம் கேட்டை மாத்திட்டாரு. இது பழைய கேட். ஓரத்துல துரு பாரு.”

“அப்போ…”

“கடைசி வீடு. இப்பப் போகாதே. அந்த ஆண்ட்டி சீரியல் பாக்குற நேரம். ஆறு மணிக்கு மேல போ.”

ஆறு மணிக்கு மேல் போனால் அங்கே இருக்கும். செருப்பு அலமாரிக்குப் பின்னால், ஈரம் படாமல், கூடவே இரண்டு ஆரஞ்சுப் பழத்தோடு கொடுப்பார்கள்.

இத்தனைக்கும் கூலி கிடையாது என்று சொன்னேன். உண்டு. உங்கள் வீட்டுச் சங்கதி அத்தனையும் அவருக்குத் தெரியும், அதுதான் கூலி. யார் வீட்டில் கொலுசு வாங்கினார்கள், யார் தலைமுடிக்கு எண்ணெய் மாற்றினார்கள், யார் மகன் மலாக்காவிலிருந்து அம்மாவுக்கு ஒன்றும் அனுப்புவதில்லை என்பதெல்லாம் போர்ச்சு அலமாரியில் வரிசையாக இருக்கும். இதற்குப் பயந்தே வயசுப் பெண்கள் ஆபீஸ் விலாசம் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் ஒன்று, மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். பன்னிரண்டாம் நம்பர் வீட்டில் புருஷனுக்குத் தெரியாமல் பெண்சாதி சேலை வாங்குகிறார், பெண்சாதிக்குத் தெரியாமல் புருஷன் தூண்டில் வாங்குகிறார். தாஞ்சோங் ஹராப்பானில் மீன் பிடிக்கிற பைத்தியம் அவருக்கு. சேலையைப் பகலில் அம்மா வந்து எடுத்துக்கொண்டு போவார், தூண்டிலை இரவு பத்துக்கு மேல் ஐயா வந்து எடுத்துக்கொண்டு போவார். இரண்டு ரகசியமும் ஒரே தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தூங்கும்.

கிராணியார் வாங்க மறுப்பது ஒன்றே ஒன்றுதான், உறைந்த இறால். அவர் வள்ளலார் வழி. இறால் பெட்டி வந்தால் பையனையும் பெட்டியையும் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்.

அவருக்கு ஆகாத ஓர் இனம் உண்டு. ‘தெரியாம பிரிச்சிட்டேன்’ கூட்டம். பெட்டியின் மேல் வேறொருவர் பேர் கொட்டை எழுத்தில் இருக்கும், அதைச் சரியாக நடுவில் கத்தியால் கீறியிருப்பார்கள். போன தீபாவளிக்கு ஒருத்தர் வீட்டுக்கு ஒரு டப்பா முறுக்கு தவறி வந்தது. பேர் பார்க்க நினைத்தபோது பாதி டப்பா காலி. மீதியை நசுங்காமல் ஒட்டி எடுத்துக்கொண்டு கிராணியாரிடம் வந்தார். கிராணியார் திட்டவில்லை. குற்றவியல் சட்டத்தின் 403ஆம் பிரிவை எடுத்தார். வழி தவறி வந்த பொருளை உடையவரிடம் சேர்க்கிற எண்ணத்தோடு வைத்திருந்தால் தப்பில்லை. உடையவர் யாரென்று தெரிந்தும், தெரிந்துகொள்ள வழி இருந்தும் நேர்மையில்லாமல் தனதாக்கிக்கொண்டால் குற்றம். “முறுக்குல பேர் எழுதியிருக்காதுதான். டப்பாவுல எழுதியிருந்துச்சே?” வந்தவருக்குத் தொண்டையில் முறுக்கு நின்றுவிட்டது.

சட்டம் தெரிந்தவர்களுக்கே உரிய சந்தேகப் புத்தியும் அவருக்கு நிறைய. ‘உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு, போலீசுக்கு லைன் கொடுக்கிறோம்’ என்று போன் பண்ணிப் பணம் கறக்கும் கும்பல்கள் இந்த நாட்டில் பிரசித்தம். இப்படிப்பட்ட மோசடிகளுக்கென்றே 2022 அக்டோபரில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தைத் திறந்து 997 என்ற எண்ணையும் கொடுத்தார்கள். அந்த எண்ணை அட்டையில் எழுதிக் கேட்டிலேயே கட்டியிருக்கிறார் கிராணியார். விளைவு, புதுசாக வரும் பையன்கள் அதை வீட்டு நம்பர் என்று நினைத்துக்கொண்டு, லேபிளைப் பார்த்து, இது இல்லை என்று வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் இப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அரிது. அங்கே போர்ச்சுக்கு எங்கே போவது? கொண்டோ காவல் கொட்டகையில் மலை மாதிரி குவித்துவைத்து, நேப்பாளக் காவலரிடம் தேடச் சொல்வார்கள். பாவம், அவர் பெயரையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை வந்துபோகும். கடைவீட்டு மாடியில் இருப்பவர்களுக்குக் கீழே உள்ள பூக்கடையோ மளிகைக் கடையோதான் துணை. மல்லிகைச் சரத்தோடு போன் கவரும் சேர்ந்து கிடைக்கும். அங்கே பெரிய சாலைக்கு ஜாலான் துன் சம்பந்தன் என்று பேர். முன்பு அது ஜாலான் பிரிக்பீல்ட்ஸ். பெருசுகள் இன்னமும் அப்படித்தான் சொல்கிறார்கள். துன் சம்பந்தன் அறுபதுகளில் பொதுப்பணியோடு தபால் தந்தி இலாகாவையும் பார்த்த அமைச்சர். தபால் மந்திரி பேர் வைத்த சாலையிலேயே பார்சல் வழி தவறுகிறதே என்று கிராணியாரிடம் சொன்னேன். “அவர் இருந்தப்ப தவறல” என்றார் சுருக்கமாக. எதிர்த்துப் பேச என்னிடம் ஆதாரம் இல்லை.

2021இல் அரசாங்கம் கூரியர் துறைக்கு ஒரு திட்டம் போட்டது. 2020இல் ஆளுக்கு 14 பார்சலாக இருந்ததை 2025க்குள் 30 ஆக்குவதாக இலக்கு. கிராணியாரிடம் சொன்னபோது அவர் அலமாரியை ஒரு பார்வை பார்த்தார். மறுநாள் பக்கத்தில் இன்னோர் அலமாரி நின்றது.

ஆனால் எந்த அலமாரியிலும் சேராமல் அவர் தூக்கத்தைக் கெடுப்பது, தாமானுக்கே சொந்தமில்லாத பொட்டலம். அப்படி ஒன்று அண்மையில் வந்தது. தாமான் ஸ்ரீ செந்தோசா, ஜாலான் கிள்ளான் லாமா, 58000. ஒரு வாரம் வைத்திருந்தார். எடுத்துப்போக யாரும் வரவில்லை. கூரியர் நிறுவனத்தை அழைத்தால் இயந்திரம்தான் பேசியது, மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்று. “தமிழுக்கு ஒண்ணுமில்லையா?” என்று அதனிடமே கேட்டுவிட்டு வைத்தார். மறுநாள் காலை கப்சாய் வண்டியைத் துடைத்து, பொட்டலத்தைக் கூடையில் வைத்து, ஃபெடரல் நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் பாதையில் கிளம்பிவிட்டார்.

அங்கே வீட்டில் ஆள் இல்லை. எதிர் வீட்டு ஆண்ட்டியிடம் கொடுக்கலாமென்று எட்டிப் பார்த்தால், போர்ச்சில் கார் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி. பழைய அலமாரி. மேசையில் 555 புத்தகம். நாய் குரைக்கவில்லை.

“நீங்க யாரு? ஐசி காட்டுங்க” என்றார் அந்த அம்மாள்.

“நான் எதுக்குக் காட்டணும்? வாங்குறவங்கதான் காட்டணும்.”

“முன்னப்பின்ன தெரியாத ஆளு கொடுக்கிறதை எப்படி வாங்குறது? உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

“லேசு. ஆட்டினா சத்தம் இல்ல. துணி” என்றார் கிராணியார்.

அம்மாள் பொட்டலத்தை வாங்கிக் காதருகே வைத்து ஒரு முறை ஆட்டினார். “துணி இல்ல. தலையணை உறை” என்றார். கிராணியார் வாழ்க்கையில் முதன்முறையாகத் தலையைக் குனிந்தார் என்று கேள்வி. பிறகு இரண்டு பேரும் ஒருவர் புத்தகத்தில் ஒருவர் கையெழுத்துப் போட்டு, ஒருவர் ஐசியை ஒருவர் படம் பிடித்து, வந்த பயணத்தைவிட அதிக நேரம் செலவழித்தார்கள். கிளம்பும்போது அம்மாள், “நில்லுங்க, உங்க செந்தோசாவுக்குள்ளது இங்க ஒண்ணு, ரெண்டு மாசமா கெடக்குது” என்று உள்ளே போய், ஆள் உயரத்துக்கு ஒரு குழாய்ப் பார்சலைத் தூக்கிவந்தார். பன்னிரண்டாம் நம்பர்.

அந்தத் தூண்டில் காணாமல் போன நாளிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் ஐயா பட்ட பாடு எனக்குத் தெரியும். உரக்கப் புகார் பண்ணவும் வழியில்லை. சாயங்காலம் கப்சாயில் கொடிமரம் நட்டாற்போல் அதைக் கட்டிக்கொண்டு கிராணியார் எங்கள் ரோட்டுக்குள் திரும்பியபோது, பன்னிரண்டாம் நம்பர் வாசலில் அம்மா ஹோஸைப் பிடித்துத் துளசிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“என்னா அங்கிள், இம்மாம் நீளமா? யாருக்கு?”

“எனக்குத்தாம்மா” என்றார் கிராணியார், வண்டியை நிறுத்தாமல். “தூண்டில். சும்மா உக்காந்திருக்கிறதுக்கு மீன் பிடிக்கலாம்னு.”

அம்மா ஹோஸைக் கீழே போட்டார். “நீங்க சைவமாச்சே, அங்கிள்!”