பட்டம் எதுவென்று தாங்களே சொல்லிவிடுங்கள்

அனுப்புநர்
பிளஸ் டூ தேறிய பெண்ணைப் பெற்ற தகப்பன்,
தென்காசி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு தலைவர் அவர்கள்,
மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்,
தோல்பூர் ஹவுஸ், ஷாஜகான் சாலை,
புது தில்லி.

பொருள்: குடிமைப் பணித் தேர்வு – கல்வித் தகுதி – ஏதேனும் ஒரு பட்டம் – குடும்ப அமைதி கெடுதல் – நிவாரணம் கோருதல் – சார்பாக.

ஐயா,

அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏதேனும் ஒன்று போதும் என்று அறிவிக்கையில் போட்டுவிட்டுத் தாங்கள் நிம்மதியாக இருக்கிறீர்கள். அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் மே மாதத்திலிருந்து யாருக்கும் சோறு தண்ணி இறங்கவில்லை. இயற்பியல் மட்டும்தான் என்று ஆணையிட்டிருந்தால், பேசாமல் இயற்பியலில் சேர்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்த்திருப்போம். எதை வேண்டுமானாலும் படிக்கலாம் என்று தமிழ்நாட்டுப் பெற்றோரிடம் சொல்லலாமா? எங்களுக்கு அதெல்லாம் பழக்கமில்லை.

என் மைத்துனர் இன்ஜினியரிங் என்கிறார். அவர் கணக்கு இது: பெண்ணுக்கு இப்போது 17. மூன்று வருடப் பட்டம் 20-ல் முடிந்துவிடும். தாங்களோ ஆகஸ்ட் 1-ஆம் தேதி 21 நிரம்பியிருந்தால்தான் உள்ளே விடுவீர்கள். நடுவில் பெண் சும்மா வீட்டில் இருந்தால் ஊர் என்ன பேசும்? ஆகவே நாலு வருடப் படிப்பு. “கிடைக்கலைன்னா ஐ.டி.க்குப் போயிரலாம்லா அத்தான்” என்றார். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று ஏறக்குறைய முடிவாகி, தேர்வில் எழுதுவதற்கான தங்கள் விருப்பப் பாடப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். கால்நடை மருத்துவம் இருக்கிறது, நிலவியல் இருக்கிறது, தத்துவம்கூட இருக்கிறது. சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மூன்றும் இருக்கின்றன. இங்கே தெருவுக்கு நாலு பேர் படிக்கும் கம்ப்யூட்டர் சயின்ஸைக் காணோம். மைத்துனர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினார்.

சென்னை அண்ணா நகரில் அறை எடுத்து இதே தேர்வுக்குப் படிக்கும் என் அண்ணன் மகன் போனில் வந்து தெளிய வைத்தான். “படிச்சதையே எழுதணும்னு யாரு சொன்னா சித்தப்பா? 2017-ல முதலிடம் அனுதீப் துரிசெட்டி, 2020-ல சுபம் குமார். ரெண்டு பேரும் இன்ஜினியர், ரெண்டு பேரும் எடுத்தது மானுடவியல்.” அப்படியானால் மானுடவியலிலேயே சேர்த்துவிடுவோமே என்றேன். கூடாதாம். பாடத்திட்டம் சின்னது, நாலைந்து மாதத்தில் தானே படித்துக்கொள்ளலாமாம். ஆக, லட்சக்கணக்கில் கட்டி நாலு வருடம் ஒன்றைப் படிப்பது, நாலு மாதத்தில் படித்த வேறொன்றைத் தங்களிடம் எழுதுவது. 2023-ல் முதலிடம் பெற்ற ஆதித்ய ஸ்ரீவஸ்தவா கல்லூரியில் படித்த எலெக்ட்ரிக்கலையே எழுதினாராமே என்றேன். “அது விதிவிலக்கு” என்று போனை வைத்துவிட்டான்.

இடையில் ஒரு தனியார் கல்லூரிக்கும் போய் வந்தோம். பெயர் வேண்டாம். பட்டத்தோடு ஐ.ஏ.எஸ். பயிற்சியையும் சேர்த்துத் தருகிறார்கள். வழவழப்பான விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் கோட்டு போட்ட ஒரு பெண், பின்னால் சிவப்புச் சுழல்விளக்கு வைத்த வெள்ளை அம்பாசடர். மந்திரி, அதிகாரி வண்டிகளின் சுழல்விளக்கை 2017 மே 1-ஆம் தேதியே கழற்றியாயிற்று. நடப்பு நிகழ்வுகள் சொல்லித்தரும் இடத்துக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. பட்டத்துக்கு என்ன பாடம் எடுக்கலாம் என்று கேட்டேன். “எதுன்னாலும் எடுத்துக்கலாம் சார், கிளாஸ் தொந்தரவு இருக்காது” என்றார் அட்மிஷன் அலுவலர். வருகைப் பதிவு பற்றி நான் வாயைத் திறப்பதற்குள், அதை அவர்களே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். திரும்பும்போது வரலாற்று வகுப்பை எட்டிப் பார்த்தேன். ஆசிரியர் முகலாயர் நிலவரியை உயிரைக் கொடுத்து நடத்திக்கொண்டிருந்தார். கடைசி பெஞ்சில் வரிசையாக, தங்கள் தேர்வுக்குப் படிக்கும் லட்சுமிகாந்தின் அரசியலமைப்புப் புத்தகம் விரிந்து கிடந்தது. அந்த ஆசிரியரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

தங்கள் பேரிலும் மனத்தாங்கல் உண்டு. 2011-க்கு முன்பு முதல்நிலைத் தேர்வின் 450 மதிப்பெண்ணில் 300 விருப்பப் பாடத்துக்கு இருந்தது. அதை எடுத்தீர்கள். மெயின்ஸில் இருந்த இரண்டு விருப்பப் பாடங்களில் ஒன்றை 2013-ல் எடுத்தீர்கள். இப்போது எழுத்துத் தேர்வின் 1750-ல் 500 மிச்சம். பட்டம் கட்டாயம் வேண்டும், அதில் என்ன படித்தாய் என்று மட்டும் கேட்க மாட்டீர்கள். நேர்முகத் தேர்வில் கேட்பீர்களாம், சிவில் படித்தாயே, பாலம் ஏன் இடிகிறது என்று. அதற்குள் பிள்ளை சிவிலை மறந்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும்.

எனவே தாங்களே ஒரு பட்டம் தொடங்கிவிடும்படி வேண்டுகிறேன். பெயர் ‘பி.ஏ. காத்திருப்பு’ என்றிருக்கலாம். முதல் வருடம் நாளிதழைக் கத்தரித்து ஒட்டுதல். இரண்டாம் வருடம், நாலு விடைகளில் இரண்டைத் தள்ளி மீதியில் ஒன்றை ஊகித்தல். தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும் என்பதால் செய்முறைப் பயிற்சி அவசியம். மூன்றாம் வருடம், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் “ரிசல்ட் என்னாச்சு?” என்று கேட்கும்போது முகம் மாறாமல் பாயசம் குடித்தல். பொதுப் பிரிவுக்கு ஆறு முறை, பிற்படுத்தப்பட்டோருக்கு ஒன்பது முறை வாய்ப்புத் தருகிறீர்கள். அத்தனைக்கும் தாங்கும்படி இந்த மூன்றாம் வருடப் பாடத்தைக் கொஞ்சம் கெட்டியாக வையுங்கள்.

அவசரம் காரணமாக இன்னொன்றையும் தெரிவிக்கிறேன். இத்தனை அமளிக்கு நடுவில் பெண் யாரையும் கேட்காமல் அரசு கலைக் கல்லூரிக்கு 50 ரூபாய் கட்டி ஆன்லைனில் விண்ணப்பித்துவிட்டாள். பாடம் விலங்கியல். காரணம் கேட்டேன். குற்றாலத்து மலைப்பக்கம் பறக்கும் பட்டாம்பூச்சிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அது எத்தனை மதிப்பெண் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இலக்கியங்கள் நீங்கலாகத் தங்கள் விருப்பப் பாடப் பட்டியலில் விலங்கியல் கடைசியில் இருப்பதைப் பார்த்துத் தற்காலிக அனுமதி கொடுத்திருக்கிறேன். அதையும் நீக்கும் உத்தேசம் இருந்தால் கலந்தாய்வுக்கு முன்பே ஒரு வரி போட்டுவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
தகப்பன்