செயலாளர் சார்

ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துவிடலாம் என்கிறது 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம். சென்னைப் புறநகரில் எந்தச் சங்கத்தை எடுத்தாலும் அந்த ஏழில் ஒருவராக நம் செயலாளர் சார் இருப்பார். மற்ற ஆறு பேர் மாறுவார்கள், அவர் மாறமாட்டார்.

எங்கள் அடுக்ககத்திலும் ஒருவர் உண்டு. ரிட்டயர்ட். குடியிருப்போர் சங்கச் செயலாளர், நடைப்பயிற்சியாளர் சங்கப் பொருளாளர், முன்னாள் மாணவர் சங்க இணைச் செயலாளர், பிள்ளையார் கோயில் திருப்பணிக் குழு உறுப்பினர், மார்கழி பஜனைக் குழு ஒருங்கிணைப்பாளர், மூத்த குடிமக்கள் மன்றத் துணைத் தலைவர். இன்னும் உண்டு, லெட்டர்பேடைப் பார்த்தால்தான் அவருக்கே ஞாபகம் வரும்.

அவருடைய ஜோல்னாப் பையைத் திறந்து பார்க்கவேண்டும். கட்டுக்கட்டாக ரசீதுப் புத்தகங்கள், பழைய மைசூர்பாக் டப்பா நிறைய ரப்பர் ஸ்டாம்புகள். அவசரத்தில் கைக்கு எது வருகிறதோ அதுதான் முத்திரை. கும்பாபிஷேக நன்கொடை ரசீதில் ‘நடைப்பயிற்சியாளர் சங்கம்’ என்று விழுந்திருக்கும். கேட்டால், “சாமியைச் சுத்தி வர்றதும் நடைதானே சார்!” என்பார்.

வாட்ஸ்அப்பிலும் அதே கதை. “நாளை மோட்டார் ஓடாது, தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளவும்” என்ற தகவல் எங்களுக்கு வராது. முன்னாள் மாணவர்களுக்குப் போய்விடும். துபாயிலிருந்து ஒருவர், “நன்றி, பிடித்துவிட்டேன்” என்று பதில் போட்டிருப்பார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று கூட்டம். முதலாவதில் வரவேற்புரைக்கு இருப்பார், இரண்டாவதில் காபிக்கு, மூன்றாவதில் நன்றியுரைக்கு. மூன்று மினிட்ஸ் புத்தகத்திலும் அடியில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு, “தீர்மானத்தை மேல எழுதிக்கோங்க” என்று ஸ்கூட்டியைக் கிளப்புவார்.

பதவி ஆசை என்று சொன்னால் பாவம். பொதுக்குழுவில் “செயலாளர் பொறுப்புக்கு யாராவது…?” என்று கேட்டதும் நடப்பதைப் பாருங்கள். ஒருவருக்கு போன் வரும். ஒருவர் செருப்பைத் தேடுவார். இன்னொருவருக்கு அப்போதுதான் அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வரும். பின்வரிசையிலிருந்து “சாரே தொடரட்டும்!” என்றொரு குரல். கைதட்டல். ஏகமனது.

இந்த ஏகமனதுக்கு முற்றுப்புள்ளி வைத்தது எங்கள் சம்ப். குழாயில் வந்த தண்ணீர் மணக்க ஆரம்பித்தது. மூன்றாவது மாடி மாமி ஒரு சொம்புத் தண்ணீரோடு இறங்கி வந்தார்.

“அஞ்சு மணிக்கு பஜனைக்கு எழுப்பிவிடறேள். குளிக்கறது எதுல?”

“சம்ப் கழுவ அப்பவே தீர்மானம் போட்டாச்சு மாமி.”

“கழுவறது தீர்மானத்தாலயா, துடைப்பத்தாலயா?”

தீர்மானத்தைத் தேடினார்கள். திருப்பணிக் குழுவின் மினிட்ஸ் புத்தகத்தில் கிடைத்தது. முறைப்படி குருக்கள் வழிமொழிந்திருந்தார்.

அன்றிரவே மைசூர்பாக் டப்பா காலியாயிற்று. குடியிருப்போர் சங்க முத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அந்தந்தச் சங்கத்திலேயே கொடுத்துவிட்டார். மறுநாள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, பிளீச்சிங் பவுடர் வாளியோடு சம்ப் வாயில் நின்றார். 12,000 லிட்டர் லாரி வந்தால் இப்போதெல்லாம் அவரே மேலே ஏறி மூடியைத் திறந்து அளவு பார்த்த பிறகுதான் ஹோஸ் இறங்கும். எந்த டிரைவர் வழியில் பாதியைச் சரித்துவிட்டு வருவார் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. ஆண்டுக் கணக்கு பதிவாளர் அலுவலகத்துக்குக் காலத்தோடு போகிறது. மோட்டார் தகவல் எங்களுக்கே வருகிறது. துபாய்க்காரர்தான் பாவம், தண்ணீருக்கு என்ன செய்கிறாரோ.

போன வாரம் வாக்கிங் கோஷ்டி வந்து கெஞ்சியது. “சும்மா பேருக்கு ஒரு பதவி சார். வேலையே இருக்காது.”

“வேலை இருக்கிற பதவி ஒண்ணே ஒண்ணுதான் என்கிட்ட இருந்துது. வேலை இல்லாத பத்துக்கும் ஓடினதுலதான்யா அது நாறிப்போச்சு!”